கோடு போட்ட பக்கம்

கரியக்கா வீட்டுக் குளியலறையில் சோப்பு வெள்ளையாக இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை. புதுச் சோப்பு பிரித்து வைத்தால் அன்று மாலை ஐந்தே முக்கால் வரைதான் அதற்கு ஆயுள். அக்கா வேலையிலிருந்து வந்து ஒருமுறை கை கழுவினால் சாம்பல் நிறம், மறுநாள் கருங்கல். "சோப்பு உன்னைக் கழுவுதா, நீ சோப்பைக் கழுவுறியா?" என்று அத்தை கேட்பாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அந்த வீட்டில் அடுப்படி, அலமாரிச் சாவி, கடைசி வார்த்தை மூன்றும் அவளிடம்தான் இருந்தன.

அக்கா பட்டறையில் சேர்ந்தது இருபத்திரண்டாம் வயதில், ஒரு ஜூன் மாதம் நான்காம் தேதி. அதுவரை அப்பாவின் தையல் கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தவள். பட்டறையில் மொத்தம் பதினோரு பேர். முன்னால் அலுவலகம், நடுவில் மரவேலைக் கூடம், வலது கோடியில் அளவு பார்க்கும் அறை, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. கொட்டகைதான் அக்காவின் ராஜ்ஜியம். அங்கே செய்தது ஒரே பொருள்: ரேடார் அலையை விழுங்கும் ஸ்பாஞ்சுப் பாளம்.

முதல் நாள் மாலையே அப்பா விசாரித்தார்.

"அலைன்னா, கடல் அலையா?"

"இல்லப்பா. ரேடார்ல போகுமே, நுண்ணலை. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததை ஸ்பாஞ்சு விழுங்கிடும்."

"ஆமா."

"விழுங்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"திரும்பி வராது."

அப்பா வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கடையில தைக்கக் குடுத்துட்டுத் திரும்பி வராதவங்க நெறைய பேர் இருக்காங்க. அவங்களையும் இதுமாதிரி ஏதோ விழுங்கிருச்சுபோல."

அக்கா எத்தனை முறை விளக்கியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பாடகரின் குரலை மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் எதிரொலி இல்லாத அறை வேண்டும். அதுபோல ஒரு ரேடார் சரியாக அலை அனுப்புகிறதா என்று பார்க்க, சுவரிலிருந்து எதுவும் திரும்பி வராத அறை வேண்டும். அந்தச் சுவருக்குத்தான் பாளம். பாளத்துக்குள் போன அலை கரித்தூளில் சிக்கி, சிறு சூடாக மாறி அடங்கிவிடும். அத்தை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "கரியில முக்கின ஸ்பாஞ்சுக்கு இத்தனை கதையா?" என்பாள்.

கொட்டகையில் ஆறடிக்கு மூன்றடியாக ஒரு தொட்டி இருந்தது. சலவைக்கடை ஒன்று மூடியபோது வாங்கிவந்த, துணி பிழியும் ரப்பர் உருளைகள் இரண்டு. கம்பி வலை அடித்த சட்டங்கள் நாற்பது. சுவரோரம் கரித்தூள் மூட்டைகள். தொட்டியில் ரப்பர் பாலை ஊற்றி, கரித்தூளை எடைபோட்டுக் கொட்டி, துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் நாற்பது நிமிடம் கலக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் சதுரமும் பதினொன்று கனமுமான ஸ்பாஞ்சை அதில் முக்கி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிந்து, மறுபடி முக்கிப் பிழிந்து, கம்பி வலையில் படுக்கப்போட வேண்டும். காய இரண்டு நாள். ரப்பர் பாலின் புளித்த வாடையும், மழை விழும்போது பேச்சையே மூழ்கடிக்கும் தகரச் சத்தமும், பதினொரு மணிக்கு யாராவது டீ வாங்கிவந்து "அக்கா, கை நீட்டாதீங்க, நானே வாயில ஊத்துறேன்" என்று கேலி செய்வதும் சேர்ந்ததுதான் அந்த வருடங்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்களும் அவளைக் கரியக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முதல் இரண்டு வருடம், காயும் பாளங்களை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டார்கள். திருப்பாவிட்டால் கரி கீழே இறங்கி, அடிப்பக்கம் அடர்த்தியாகவும் மேல்பக்கம் வெளிறியும் போய்விடும். மூன்றாவது வருடம் ஒருநாள் அக்காதான் அளவு பார்க்கும் அறைக்குப் போய்க் கேட்டாள்: "திருப்பாம அப்படியே விட்டா என்ன சார்?"

அளவு பார்க்கிறவரை எல்லோரும் மீட்டர் சார் என்பார்கள். நாளுக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். அவர் முகத்தில் இருந்த ஒரே உணர்ச்சி மூக்குக்கண்ணாடி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொண்டா பாக்கலாம்" என்றார்.

வாய் விரிந்த கொம்பு போன்ற குழாயிலிருந்து அலையை அனுப்பினால், நூறு பங்கில் எத்தனை திரும்பி வருகிறது என்று மீட்டரின் முள் காட்டும். திருப்பிப் போட்டுக் காயவைத்த பாளத்துக்கு நூற்றுக்கு ஐந்து. திருப்பாத பாளத்தை, வெளிறிய பக்கம் அலையைப் பார்க்கும்படி அக்காவே அளக்கும் தகட்டின்மேல் வைத்தாள். முள் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. வெளிறிய பக்கம் வழியாக நுழையும் அலைக்குத் தான் நுழைந்ததே தெரியாது. போகப்போகக் கரி கூடிக்கொண்டே போய் வெளியே வர வழியிருக்காது. அடர்ந்த பக்கத்தைக் காட்டினாலோ, சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பிவிடும்.

மீட்டர் சார் மூன்று முறை அளந்தார். பிறகு, "இனிமே திருப்பாதீங்க" என்றார். அன்றைக்கு அவருடைய பத்தாவது வாக்கியம் அதுவாக இருக்கலாம். அக்கா வாழ்க்கையில் முதல் ஆளாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்தாள்.

நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வரி. தேதி, தொட்டி எண், கரி எடை, ரப்பர் பால் எடை, முக்கி எடுத்த நேரம், காய்ந்த நேரம், மாதிரிப் பாளத்துக்கு மீட்டர் காட்டிய அளவு. ஏழு கட்டங்கள். அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் தேடினால் பொழுது போய்விடும்.

அக்காவுக்கு முப்பத்தொன்று நடந்தபோது, துறைமுகங்களுக்கு ரேடார் செய்யும் ஒரு நிறுவனம் பட்டறையிடம் முழு அறையே கேட்டது. அதுவரை பாளம் மட்டும் விற்றவர்கள், இந்த முறை அறையையும் கட்டித்தர வேண்டும். தாங்கள் நேரில் வந்து பார்த்துவிட்டு, பிரித்து எடுத்துப்போய்த் தங்கள் இடத்தில் பூட்டிக்கொள்வார்கள். முதலாளியம்மா, எல்லோருக்கும் 'மேடம்', முற்றத்தின் மறுகோடியில் அந்த அறையைக் கட்டச் சொல்லி ஒரு தச்சரை வேலைக்கு எடுத்தார்.

தச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. வந்த மூன்றாம் நாள் பட்டறை அவருக்கு 'ரம்பம்' என்று பெயர் வைத்தது. காரணம் அவர் கையிலிருந்த ரம்பம் அல்ல, அவர் வாய். ஒரு ஆணி கேட்டால், ஆணி என்பது எப்படிப்பட்டது, அவருடைய மாமனார் ஒருமுறை ஆணியை மிதித்தபோது என்ன ஆயிற்று என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஆணி கைக்கு வரும். அவர் இவளை 'அக்கா' என்பார், இவள் அவரை 'அண்ணே' என்பாள். கேட்கிறவர்கள்தான் குழம்புவார்கள்.

ஒட்ட வேண்டிய பாளங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. தகடு அடித்த பலகைக்குப் பன்னிரண்டாக, ஐம்பத்தொரு பலகை. ரம்பம் தள்ளுவண்டியில் நடைக்கு இருபத்து நான்கு வீதம் கொட்டகையிலிருந்து எடுத்துப் போனார். அக்கா அந்த அறைக்குள் போக முடியாது. கரிக்கால் உள்ளே படக்கூடாது என்பது மேடம் போட்ட சட்டம்.

"பாருங்கக்கா நியாயத்தை" என்றார் ரம்பம். "கரியால செஞ்ச அறை. கரிக்கு அனுமதி இல்லையாம்."

காய்ந்த பாளத்தில் இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே கறுப்பு. அதனால் அக்கா ஒவ்வொரு பாளத்திலும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவைத்தாள், தையல்காரர்கள் துணியில் கோடு போடும் தட்டைச் சாக்பீஸால். ரம்பம் கோட்டைப் பார்த்தார், சரி என்பதுபோலத் தலையாட்டினார். அக்காவும் தலையாட்டினாள். இருபத்தாறு நடையிலும் ஆட்டிய தலைகள் ஐம்பத்திரண்டு. வாய் ஓயாத மனிதர் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. ஒட்டி முடித்த அறையில் மீட்டர் சார் அளந்தார். ஒன்றுக்குக் கீழே நிற்க வேண்டிய முள் முப்பத்தொன்றில் நின்றது.

மதியம் இரண்டு பத்துக்கு அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடம் மேசைக்குப் பின்னால், மீட்டர் சார் ஜன்னலோரம், ரம்பம் கதவருகில்.

"நடுவுல கரித்தூள் மூட்டை மாத்தினீங்களா?" என்றார் மேடம்.

"மாத்தினேன் மேடம். இருநூத்து நாப்பதாவது பாளத்துலேர்ந்து புது மூட்டை."

"அப்போ அதுதான்."

"புது மூட்டையில செஞ்சதையும் அளந்தோமே மேடம். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பாளம் அளந்திருக்கு. எல்லாம் ஒண்ணுக்குக் கீழதான்."

மீட்டர் சார் தலையசைத்தார். "என் மீட்டர் பொய் சொல்லல. ஆனா அன்னிக்கும் இதே மீட்டர்தான், இன்னிக்கும் இதே மீட்டர்தான்."

மேடம் பேனாவை மூடினார். "நல்லா வந்ததை மட்டும் பொறுக்கி அளக்கக் குடுத்தீங்களோ?"

அது குரலை உயர்த்திக் கேட்ட கேள்விகூட இல்லை. ஆனால் அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"இருபத்தாறாம் தேதி அவங்க வராங்க" என்று மேடமே தொடர்ந்தார். "அதுக்குள்ள சரியாகலைன்னா வெளியிலேர்ந்து ரெடிமேட் பாளம் வாங்கி ஒட்டிக் குடுத்துடலாம். அப்புறம் தொட்டி எதுக்கு? மூடிடலாம். நீங்க பேக்கிங்ல இருந்துக்கங்க."

தொட்டி இல்லாத கரியக்கா என்றால் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகக் கூட்டினாள், கழித்தாள். எடையில் தப்பில்லை, நேரத்தில் தப்பில்லை. "மூஞ்சி ஏன் இன்னிக்கு இன்னும் கறுப்பா இருக்கு?" என்று கேட்க வந்த அத்தை, பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பிப் போனாள். அத்தை சொல்ல வந்ததை விழுங்கியது அந்த வீட்டில் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை மேடத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அறைக்குள் ஐந்து நிமிடம். காலை மூன்று முறை கழுவி, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு போனாள். மீட்டர் சார் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றார்.

தன் கையால் செய்த அறுநூற்றுப் பன்னிரண்டையும் ஒன்றாக அன்றுதான் பார்த்தாள். நான்கு சுவரும் கூரையும் கறுப்பு. உள்ளே பேசினால் குரல் வாயை விட்டுப் போனதும் காணாமல் போயிற்று, ஸ்பாஞ்சு சத்தத்தையும் சேர்த்து விழுங்கியது. "சார்" என்றாள், தன் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. நாற்பது வருடம் கழித்தும், அமைதி என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு நினைவு வருவது அந்த அறைதான். பயத்திலும் அது அழகாக இருந்தது என்பாள்.

வழக்கம்போல ஒரு பாளத்தை உள்ளங்கையால் தடவினாள். தடவிப் பார்ப்பது கொட்டகையில் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. கையைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்கை கன்னங்கரேல் என்றிருந்தது.

வெளிறிய பக்கத்தைத் தடவினால் கையில் சாம்பல் நிறம்தான் ஒட்டும். கறுப்பு ஒட்டுவது அடர்ந்த பக்கத்தைத் தடவினால். பக்கத்துப் பாளத்தைத் தடவினாள், கறுப்பு. எதிர்ச்சுவருக்கு ஓடினாள், கறுப்பு. எல்லாப் பாளமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அறை முழுவதும் புறமுதுகு.

நேராக மரவேலைக் கூடத்துக்குப் போனாள், சாக்ஸோடு.

"அண்ணே, நான் கோடு போட்ட பக்கத்தை எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"வெளிய பாக்கத்தான் வெச்சேன். பளிச்சுனு இருக்கட்டும்னு ஈரத்துணியால கோட்டையெல்லாம் தொடச்சும் விட்டேன். ஒண்ணு பாக்கியில்ல."

"கோடு போட்டது முதுகுலண்ணே! சுவத்துப் பக்கம் ஒட்ட வேண்டியது!"

"முதுகுலயா? முதுகுல யாராவது கோடு போடுவாங்களா? நல்ல பக்கத்துலதானேக்கா கோடு! பலகையை இழைச்சா எந்தப் பக்கம் சுத்தமா வந்துதோ அதுல பென்சில் கோடு போட்டு வெப்போம், இதுதான் முகம்னு. சின்ன வயசுலேர்ந்து அதுதானே!"

"நல்ல பக்கத்துல யாராவது சாக்பீஸ் வெப்பாங்களா? துணி அழுக்காயிடாது? உள்பக்கந்தான் கோடு! எங்கப்பா கடையில முகத்துல கோடு போட்டா கையிலயே ஒண்ணு விழும்!"

"இது துணி இல்லக்கா."

"இது பலகையும் இல்லண்ணே."

தச்சருக்குக் கோடு என்றால் முகம். தையல்காரர் மகளுக்குக் கோடு என்றால் உள்பக்கம். இது தெரியாதவர்களும் இருப்பார்களா என்று இருவருமே நினைத்ததால் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

முதலில் புரிந்தது ரம்பத்துக்குத்தான். சுத்தியலை மேசைமேல் வைத்தார். "நான் வந்து நாலு மாசம்தான் ஆகுதுக்கா" என்றார். "என்னைத்தான் அனுப்புவாங்க."

கூடத்திலிருந்து அலுவலகம் நாற்பது அடி. அந்த நாற்பது அடியில் என்ன நினைத்தாள் என்பதை அக்கா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். கலவையில் குற்றமில்லை, தச்சர் திருப்பி ஒட்டிவிட்டார் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். அது பொய்யும் இல்லை. தொட்டி தப்பிக்கும், பொறுக்கி அளந்தாள் என்ற பேச்சும் அடிபட்டுப் போகும். அதைச் சொல்வதாகத்தான் கதவைத் திறந்தாள். ஆதாரம் காட்ட நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். ஏழு கட்டங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். தேதி, தொட்டி, கரி, பால், முக்கி எடுத்தது, காய்ந்தது, அளவு. விரல் தாளின் ஓரத்துக்கு வந்து நின்றது.

அதற்கப்பால் காகிதம் முடிந்துபோயிருந்தது.

"சொல்லுங்க" என்றார் மேடம்.

"கலவை நல்லாருக்கு மேடம். பாளமெல்லாம் பக்கம் மாறி ஒட்டியிருக்கு. முதுகு வெளிய இருக்கு."

"யார் தப்பு?"

"கோடு நான்தான் போட்டேன். கோடு போட்ட பக்கம் முகமா முதுகான்னு எங்கயும் எழுதல. வருஷக்கணக்கா ஒவ்வொரு கிராமும் எழுதின நோட்டு இது. பக்கத்துக்கு இதுல கட்டமே இல்ல. மாதிரிப் பாளத்தை எப்பவும் நானே கொண்டுபோய் நானே தகட்டுல வெச்சதால, அது என் கையோடயே நின்னுபோச்சு. தச்சண்ணன் அவர் தொழில்ல கோடுன்னா என்னவோ அப்படித்தான் ஒட்டினாரு."

மேடம் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "கட்டம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். "இருபத்தஞ்சாம் தேதி சாயந்திரம் முள் ஒண்ணுக்குக் கீழ நிக்கணும். நின்னா தொட்டி இருக்கும். நிக்கலைன்னா இல்ல. யார் தப்புன்னு நான் மறுபடி கேக்க மாட்டேன், ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான்."

புதிதாக அறுநூற்றுப் பன்னிரண்டு பாளம் முக்கிக் காயவைக்க நாள் போதாது. ஒட்டியதைப் பிய்த்தால் ஸ்பாஞ்சு கிழிந்துவிடும். அந்தப் பசை பிடித்தால் பிடித்ததுதான். கொட்டகையில் அக்கா, ரம்பம், மீட்டர் சார் மூன்று பேரும் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரம்பம்தான் எழுந்து போய், இரண்டு முனையிலும் மரக்கைப்பிடி கட்டிய மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துவந்தார்.

"பிய்க்க வேணாம். பசைக்கு மேல அரை சென்டிமீட்டர் விட்டுக் கம்பியால அறுத்தா? பலகையோட அந்த அரை போயிடும். மீதியைத் திருப்பி ஒட்டிரலாம்."

அக்கா மீட்டர் சாரைப் பார்த்தாள். மீட்டர் சார் பாளத்தைப் பார்த்தார். "பலகையில ஒட்டியிருக்கறது வெளிறின பக்கம்" என்றார் மெதுவாக. "அந்த ஓரத்துல கரி ரொம்பக் குறைவு. அரை சென்டிமீட்டர் போனா பெரிய நஷ்டம் இல்ல." ஒன்றை அறுத்து அளந்தார்கள். அறுக்காத பாளத்துக்கு முக்கால் காட்டிய முள் இப்போது ஒன்றுக்கு மயிரிழை கீழே நின்றது.

"தாங்குமா சார்?"

"அறுப்பு கோணாம இருந்தா தாங்கும்."

"என் கையில கோணுமா?" என்றார் ரம்பம். அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "ஒரு தடவை என் மாமனார்..."

"அண்ணே, அறுத்துக்கிட்டே சொல்லுங்க."

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை தொடங்கினார்கள். முதல் ஞாயிறு மட்டும் விடுமுறை. ஆக ஒன்பது வேலை நாள், நாளுக்கு அறுபத்தெட்டு பாளம். ரம்பம் ஒரு கைப்பிடி, அக்கா மறு கைப்பிடி. இருவரும் எதிரெதிரே நின்று கம்பியை இழுப்பார்கள். ஸ்பாஞ்சு அறுபடும் சத்தம் 'ஸ்ஸ்' என்று, யாரோ விடாமல் ரகசியம் சொல்வதுபோல இருக்கும். மரவேலைக் கூடத்துக்கு இந்த முறை கரி வந்து சேர்ந்தது. மாலையில் வெளியே வரும் ரம்பத்தைப் பார்த்து, "அண்ணனும் அக்காவும் இப்ப ஒரே ஜாடை" என்று பட்டறை சிரித்தது. அக்கா ஒவ்வொரு பாளத்தையும் திருப்பி ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சத்தமாக "சாம்பல்" என்பாள். அவர் "சாம்பல்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பசை. அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை சாம்பல். மூன்று பாளம் அறுப்பில் கிழிந்தது. கொட்டகையில் மிச்சமிருந்த மாதிரிப் பாளங்களில் மூன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் விஷயத்தைக் கேட்ட அப்பா, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நான் சொல்லிக்குடுத்த கோடுதான் உன் வேலைக்கு உலை வெச்சுதா?"

"உங்க மேல தப்பில்லப்பா."

"தப்பே இல்ல. முகத்துல கோடு போடறவன் என்ன வேலைக்காரன்?" என்றார் அப்பா கொஞ்சம் கோபமாகவே. அந்தத் தச்சரை ஒருநாள் கடைக்குக் கூட்டிவரச் சொன்னார். ரம்பம் வந்தார். இருவரும் கோட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடி, முடிவில்லாமல் எழுந்தார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வாதாடுவதற்கென்றே ரம்பம் வர ஆரம்பித்தார். அத்தை அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரே ஒதுக்கி வைத்தாள். அவர் தொட்டதெல்லாம் கறுப்பாகிறது என்பது அதற்கு அவள் சொன்ன காரணம்.

இருபத்தைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான்கு இருபதுக்கு அறையைச் சாத்தினார்கள். முள் நடுங்கியபடி இறங்கியது. பத்து, நான்கு, இரண்டு. ஒன்றே காலில் நின்றது.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கோணல் அறுப்பா? கிழிந்த மூன்றா? கடைசி நாள் கை ஓய்ந்துபோனதா? இனி பேக்கிங் அறைதான். அட்டைப்பெட்டி, பசை நாடா, வெள்ளைக் கை.

மீட்டர் சார் திரும்பிப் பார்த்தார். "தச்சர் எங்க?"

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மீட்டர் சார் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே மூலையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ரம்பம் நின்றார். இரண்டு சட்டைப்பையும் திருகாணி.

"இங்க என்னய்யா பண்றே?"

"ஒரு ஓரத்துல லேசாத் தூக்கியிருந்த மாதிரி இருந்துது சார், அழுத்திப் பிடிச்சிட்டு நிக்கிறேன். நான் அசையவே இல்ல, மூச்சுகூட..."

"மனுஷ உடம்பும் அலையைத் திருப்பும்யா! பையில வேற அரைக்கிலோ இரும்பு! வெளிய வா!"

மீட்டர் சார் கத்தி அன்றுதான் கேட்டார்கள். ரம்பம் வெளியே வந்தார். கதவு மறுபடி சாத்தப்பட்டது. முள் இறங்கியது. இரண்டு, ஒன்றே கால், ஒன்று. அங்கே தயங்கி, பிறகு மெல்ல நழுவிக் கீழே போய் நின்றது. நூற்றுக்குப் புள்ளி எட்டு எட்டு, அதாவது ஒன்றுக்கு ஒரு நூல் கீழே. மீட்டர் சார் வழக்கப்படி மூன்று முறை அளந்து, மூன்று முறையும் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். அக்கா மூன்றையும் நோட்டில் எழுதினாள்.

மேடம் கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்று, திரும்பாமலே கேட்டார்: "நாளைக்கு அவங்க பத்து மணிக்கு வராங்க. தொட்டியை எத்தனை மணிக்குக் கலக்குவீங்க?"

"ஏழரைக்கு மேடம்" என்றாள் அக்கா. "எப்பவும் போல."

அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் அவள் அந்தத் தொட்டியைக் கலக்கினாள். எத்தனை அறைகள், எந்தெந்த ஊர்களுக்குப் போயின என்றெல்லாம் கேட்டால் நோட்டைக் காட்டுவாளே தவிர வாயால் சொல்லமாட்டாள். இந்தப் பதின்மூன்று நாளை மட்டும் மணிக்கணக்கில் சொல்வாள். சரி, அப்புறம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"அப்புறம் என்ன? புதன்கிழமை வேலைக்குப் போனேன்."